கடைசி இடத்துக்கு ஒரு நாடு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான்கு பேரும் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடினார்கள். கடைக்கு அன்று விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைத் துணியால் மூடி, அதற்குப் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்திருந்தார் கடைக்காரர்.

அவரை எல்லாரும் அத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருத்தன்தான், அவர் மனைவியின் தம்பி. அவன் வாயிலிருந்து மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர்கூட ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் அதுவே பழகிவிட்டது.

எல்லாம் ஒரு பழைய போர் விளையாட்டினால் வந்தது. கோட்டை, வாள், முற்றுகை என்று ஓடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. விற்ற கம்பெனியே அதை மறந்துவிட்டது. இவர்கள் அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த நாடுகளை எடுத்துவிட்டு, தாங்களாகவே கற்பனை செய்த நாடுகளை வைத்துத் தைத்தார்கள். இப்படி மாற்றியதற்கு மோட் என்று பெயர். எங்கெங்கோ இருந்தவர்கள் அதை இறக்கி ஆடினார்கள், பாராட்டினார்கள், திட்டினார்கள்.

விளையாட்டு ஓர் அளவுக்கு மேல் நாடுகளைத் தாங்காது. இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதில் எந்த நாட்டை வைப்பது என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தார்கள்.

"குதிரை நாடுதான். இதுல பேச என்ன இருக்கு?" என்றான் ஒட்டகம். அச்சகத்தில் வேலை பார்ப்பவன். உயரத்துக்காக வைத்த பெயர். மோட்டில் உள்ள படங்களெல்லாம் அவன் வரைந்தவை. "ஜனங்க கேக்குறாங்க. குதிரை வேணும், புழுதி வேணும், ஊரைக் கொளுத்தணும்."

மச்சான் என்று எல்லாரும் சொல்வது அத்தான் மனைவியின் தம்பியைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகத்தில் கிரீஸ் போகவே போகாது. அவன் செய்த நாட்டின் பெயர் துறையார். ஆற்றங்கரையில் படகு வைத்துப் பிழைக்கிறவர்கள். அவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான படை கிடையாது. ஓர் ஊரைக்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் வரைபடத்தில் எந்தப் படை எங்கே போக வேண்டுமானாலும் அந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். யாரை ஏற்றுவது, யாரைக் கரையிலேயே நிறுத்துவது, யாரிடம் நாளைக்கு என்று சொல்வது, இதுதான் ஆட்டம். அழியாமல் இருந்தால் ஜெயித்ததாக அர்த்தம்.

"லிஃப்ட்காரன் புத்தி," என்றான் ஒட்டகம். "ஏத்துறது, இறக்குறது. அதத் தவிர உனக்கு வேற ஏதாவது தோணுமாடா?"

"நடுவுல நிப்பாட்டவும் தெரியும். நீ ஏறு, காட்டுறேன்," என்றான் மச்சான்.

டாக்டர் சிரித்தார். "என் ஓட்டு துறையாருக்கு. மத்தியானம் க்ளினிக்ல ஆள் இல்லன்னா இங்க வந்து அதத்தான் ஆடுறேன்."

"நீங்க வலிக்காமப் பல் பிடுங்குறவங்க, உங்களுக்கு ரத்தமே ஆகாது," என்றான் ஒட்டகம். "அத்தான், நீங்க சொல்லுங்க."

அத்தான் யோசிப்பதுபோல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையில் முடிவு முன்பே ஆகிவிட்டது. குதிரை நாடு இல்லையென்றால் ஒட்டகம் முறுக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் போனால் படம் வரைய ஆளில்லை. மச்சான் எங்கே போய்விடப் போகிறான்? வீட்டுப் பிள்ளை. பெரும்பாலும் இப்படித்தான், போகமாட்டான் என்று நம்புகிறவன் தலையில்தான் கை வைக்கிறோம்.

அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஒட்டகத்தை இழக்க முடியாது, நீ கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொல்லியிருந்தால் மச்சான் புரிந்துகொண்டிருப்பான். அவர் வேறு சொன்னார்.

"துறையார் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல சலிப்புத் தட்டுது."

அவர் அதை ஆடியதே இல்லை. ஒரு தடவை திறந்தார். படகோட்டி, காவலாளி, ஒரே ஒரு வகை வில்லாளி என்று மூன்று வரி இருந்தது. மூடிவிட்டார்.

மச்சான் தலையாட்டினான். "சரி அத்தான்."

முகம் சுருங்கவில்லை. போவதற்கு முன் ஒட்டகம் வரைந்த குதிரைச் சேணத்தில் ஒரு தப்பைக்கூடச் சுட்டிக்காட்டினான். எல்லாருடைய கப்பையும் கழுவி வைத்தான். வழக்கமாக மாடிக்கு ஏறி அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அன்று ஷட்டருக்குக் குனிந்து தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"என் தம்பி எங்க?" என்றாள் மனைவி.

"வேலை இருக்காம்."

"ஞாயித்துக்கிழமையா? எந்த லிஃப்ட் அவனை நெனச்சு ஏங்குது?"

அத்தான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறுநாளே குதிரை நாட்டை ஏற்றினார். கடைசி இடத்தில் அதுவரை வெளியே அனுப்பாமல் சோதனைக்கு மட்டும் துறையார் இருந்தார்கள். புது நாட்டை அதே ஃபோல்டரில் போட வேண்டும், பழையதன் மேல் புதியது உட்காரும். பழையது இருக்கிறது, மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மாற்று என்று அழுத்திவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் காட்டப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்தார். பாதியில் விட்ட ஆட்டத்தைத் தொடர வேண்டுமாம். அத்தான் கடையின் முன்பக்கத்தில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக் காலை வளைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இங்க வாங்க. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

போய்ப் பார்த்தார். ஆட்டம் விட்ட இடத்திலேயே திறந்திருந்தது. அதே ஆறு, அதே பனிக்காலம், இரண்டு கரையிலும் இரண்டு பெரிய படை. படகுகள் மட்டும் இல்லை. படகு இருந்த இடங்களில், நட்டாற்றில், குதிரைகள் நின்றன. மேலே வீரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தாண்டி ஓடியது.

"அந்த எடத்துலதான் குதிரை நாட்ட ஏத்திட்டோம்," என்றார்.

"ஏத்துங்க. துறையாரையும் எங்கயாவது வச்சிருப்பீங்கள்ல? அதக் காப்பி எடுத்துக் குடுங்க, எனக்காக." அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பக்கத்து ராஜாவ அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டா சண்டை வந்துடும். விடலன்னா என் ஊரை எரிச்சிடுவான். மூணு நாளா படகு ஓட்டை, படகு ஓட்டைன்னு சொல்லி இழுத்தேன். ஒரு ஆளைக் கொல்லல நான். ஆனா க்ளினிக்குத் திரும்பிப் போய் அஞ்சு நிமிஷம் ஊசியைத் தொடல."

அத்தான் ஃபோல்டரைத் தேடினார். குப்பையில் தேடினார். அந்தக் கம்ப்யூட்டரில் எங்கும் இல்லை.

"உங்க மச்சான்கிட்ட இருக்கும்," என்றார் டாக்டர். "செஞ்சவர் வச்சிருக்க மாட்டாரா?"

வைத்திருக்க மாட்டான். அது அத்தானுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆளுக்கொரு காப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழித்து, ஒரு ராஜாவுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் கோட்டைக் கதவு முளைத்தது. அன்றைக்கு அத்தான்தான் சட்டம் போட்டார். அசல் இங்கே மட்டும்தான் இருக்கும், அனுப்பினவுடனே அவரவர் காப்பியை அழித்துவிட வேண்டும்.

ஒட்டகத்துக்குப் போன் போட்டார். "துறையார் காப்பி உங்கிட்ட இருக்கா?"

"அது எனக்கு எதுக்கு? என் குதிரை வேணும்னா நாலு எடத்துல இருக்கு."

"நாலு எடத்துலயா? அப்ப நான் போட்ட சட்டம்?"

"சட்டமா?" ஒட்டகம் சிரித்தான். பின்னால் அச்சு இயந்திரம் தடதடத்தது. "அத உங்க மச்சானைத் தவிர யாரு கேட்டா அத்தான்?"

மச்சானுக்குப் போன் போட்டு, மணி அடிக்கும் முன்னே துண்டித்தார். கடையைப் பூட்டினார். மனைவியிடம் கேட்டதில் அவன் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னாள். ஏன், என்ன என்று கேட்டாள். சும்மா என்றார்.

லிஃப்டில் வேலை நடப்பதாக அட்டை தொங்கியது. படியேறினார். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை, இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே எண்ணெய் வாசம், சூடு. மச்சான் மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கம்பி வடங்கள் தரையில் இருந்த துளை வழியாகக் கீழே இறங்கின.

"அத்தான்! மூச்சு வாங்குது பாருங்க. அக்காவுக்கு ஏதும் இல்லயே?"

"அதெல்லாம் இல்ல."

"இந்தப் பக்கம் கை வைக்காதீங்க, கிரீஸ்."

அவர் கதவோரம் நின்றபடியே சொன்னார். குதிரை நாட்டைத் துறையார் மேலேயே ஏற்றிவிட்டதை, தேடிப் பார்த்ததை. வரும் வழியெல்லாம் கோத்து வைத்த வார்த்தைகள் பாதிதான் வந்தன. "உங்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டு முடித்தார். கேட்கும்போதே அது அசட்டுத்தனமாக இருந்தது.

"அழிக்கச் சொன்னீங்கள்ல," என்றான் மச்சான்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நினைவுபடுத்தும் குரல். ஸ்பானரை எடுத்து பிரேக்கில் ஒரு நட்டை இறுக்கினான். விட்டுவிட்டு மறுபடியும் அதே நட்டை இறுக்கினான். கீழே எங்கோ ஒருவர் லிஃப்ட் இன்னும் ஆகவில்லையா என்று கத்தினார். "பத்து நிமிஷம்!" என்று துளையைப் பார்த்துக் கத்தினான். பிறகு துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"திட்டிடேன்டா," என்றார் அத்தான்.

"எதுக்கு? வேணும்னேவா பண்ணீங்க?"

கை தவறி அழித்ததைப் பற்றித்தான் அவன் கேட்டான். அதற்கு அவர் இல்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்வது?

"விடுங்க அத்தான். மூணு வருஷ வேலைதான். ஆறு எப்பிடி வளையுதுன்னு மனசுல அப்படியே இருக்கு. மறுபடி உக்காந்தா வந்துடும்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். காலியான பேரிங் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி முழங்கால் மேல் வைத்தான். "ஒரு வகையில நல்லதுதான். அதே தப்போட திரும்பப் பண்ண வேண்டியதில்ல. நீங்க சொன்னதத்தான் அன்னையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன், எனக்குப் பிடிபடல. செஞ்சவனுக்குத் தெரியாதுல்ல."

பென்சில் முனையை அட்டையில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"சலிப்புத் தட்டுதுன்னீங்களே அத்தான், எந்த எடத்துல?"