மர்சூக்குக்கு அனுப்பிய பிரதி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கனகரெத்தினம் சொன்னது. பெர்லினில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் இருவரும் இரவு வேலை செய்தோம். ஒரு விடியற்காலை, வேலை முடிந்து சப்பாத்து மாற்றும்போது, "செத்த மனிசனிட்ட நான் சுகம் விசாரிச்சிருக்கன் மச்சான்" என்றான். பிறகு பந்தாட்டத்தின் முடிவைச் சொல்வதுபோல, தனக்குத் தெரிந்த முழுவதையும் சொன்னான். அவன் சொல்லி முடித்தபோது எனக்கு ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது.

அன்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1984 மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. கல்முனைக் கடற்கரையில் அலைகள்—"

அலைகளை வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை. கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதுக்காரர் கடலைத் தினமும் போய்ப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு அங்கே கிடக்கும்.

இரண்டாவது:

"மீராசாஹிபு நெல் அடிக்கும் களவெட்டியில் குந்தியிருந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள்—"

இது நடந்தது. ஆனால் இங்கே தொடங்கினால் மீராசாஹிபின் மகனுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். (இப்போது தெரிந்துவிட்டது. மன்னிக்கவும். இனி நீங்களும் மறைக்கிறவர்களின் பக்கம்தான்.)

ஆகவே காலிதீனிலிருந்து தொடங்குகிறேன்.

2

காலிதீன் கல்முனை பஸாரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தான். பாட்டுகளைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் கசெற்றில் அடித்துத் தருவான். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வாங்கில் இருந்த மூன்று பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். அப்துல் ஸமட் குவைத்தில் லொறி ஓட்டினான். மர்சூக் ஜித்தாவில் ஒரு பணக்காரரின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். கனகரெத்தினம் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பெர்லினில் அகதி.

நான்கு பேருக்கும் கடிதம் எழுதுவதில் ஒரே அளவு வெறுப்பு. அதனால் கசெற். ஒவ்வொருவனும் தன் கதையைப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். காலிதீன் மூன்றையும் ஒரு பக்கத்தில் சேர்ப்பான். மறுபக்கம் ஊர். பிறகு மூன்று பிரதி எடுத்து மூன்று நாட்டுக்கும் அனுப்புவான். இப்படி, குவைத்தில் ஸமட் எகிப்துக்காரக் கங்காணியோடு பட்ட சண்டை பெர்லினில் கேட்டது. பெர்லினின் பனி ஜித்தாவில் கேட்டது. "ஒரு நாளைக்கு வடிவு மச்சான். ரெண்டாம் நாளிலிருந்து ஐஸ்பெட்டிக்குள்ள காலை வெச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி."

ஊர்ப் பக்கத்தில் பெரிய செய்தி ஒன்றும் இராது. யாருடைய மாடு யாருடைய வளவுக்குள் புகுந்தது, நிந்தவூரோடு விளையாடி எத்தனை கோலால் தோற்றோம், அக்கரைப்பற்று பஸ்ஸின் புதுக் கொண்டக்டர் எப்படி ஏசுகிறான். எல்லாவற்றுக்கும் கடைசியில் மர்சூக்கின் உம்மா ஸைனம்பு வருவாள். ஜித்தா தூரம் என்பதால் மெசினில் வாயை வைத்துக் கத்துவாள்.

"மனெ! கேக்குதா மனெ! திண்டியா?"

"மாமி, கத்தாதீங்க. மெசின் வெடிச்சிரும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். ஒண்ட மெசினா பெரிசு, என்ட புள்ளையா பெரிசு? அங்கால போடா, கரிச்சட்டி."

இதைக் காலிதீன் வெட்டமாட்டான். மூன்று நாடுகளிலும் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

3

மர்சூக்கின் வாப்பா மீராசாஹிபு சூடடிக்கிற நாளில் வட்டைக்கு, தன் வயலுக்குப் போனார். களவெட்டியில் குந்தியிருந்து தண்ணீர் கேட்டார். கோப்பையை நீட்டியபோது வாங்க ஆள் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியவர்களில் காலிதீனும் ஒருவன். காலையில் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, "மகன்ட கசெற் வந்தா அனுப்பிவிடு" என்று சொல்லிப் போன மனிதர். அந்த மனிதரின் பாரம் தோளில் இறங்கியபோதும் காலிதீனுக்கு நம்பிக்கை வரவில்லை.

அடக்கிவிட்டு வந்தவனை மர்சூக்கின் தங்கச்சி றாஹிலா கூப்பிட்டாள். உம்மா வாசலுக்குள் கதவு மறைவில் நின்றாள்.

"மர்சூக்குக்குச் சொல்லாதெ."

"மாமி, அது எப்பிடி—"

"அங்க அவனப் புடிச்சி அழ ஆர் இரிக்கா? இஞ்ச நாங்க ஆளுக்காள் கட்டிப்புடிச்சி அழுவுறம். அவன் செவுத்தக் கட்டிப்புடிச்சா அழுவான்? என்ட புள்ள தனிய அழுவக் கூடா. வரட்டும். வந்தாப் பொறகு என்ட மடியில வெச்சிச் சொல்றன்."

மர்சூக்கின் பாஸ்போட் முதலாளியின் அலுமாரியில். வருவதற்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல்.

(இதைக் கொடுமை என்று நினைப்பவர்கள், அந்தக் காலத்தில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். மௌத்தை மறைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு வகைப் பராமரிப்பு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் நான் அந்த உம்மா இல்லை.)

4

இதற்குப் பிறகு காலிதீன் இரண்டு விதமான கசெற் செய்தான். ஸமட்டுக்கும் கனகரெத்தினத்துக்கும் ஒன்று. அதில் மீராசாஹிபு மௌத்து. மர்சூக்குக்கு மற்றது, அதில் மீராசாஹிபு உயிரோடு இருந்தார்.

ஸமட் பதிந்து அனுப்பிய கசெற்றில் அழுதான். மர்சூக்கின் பிரதியிலிருந்து அந்த அழுகையை வெட்டியாயிற்று. வெட்டிய இடம் காலியாக இருக்கக் கூடாது. கனகரெத்தினம் வழக்கம்போல வாப்பாவைச் சுகம் விசாரித்தால் நல்லது என்று காலிதீன் கேட்டு அனுப்பினான். பதில் வந்தது:

"டேய் காலிதீன், இது உனக்கு மட்டும். மையத்தப் பாத்துச் சுகமா எண்டு கேக்கச் சொல்றாய். அந்த மனிசன்ட வீட்டில நான் எத்தின பெருநாளுக்குத் திண்டிருப்பன்? எனக்கு ஏலாது."

மெசினை நிறுத்தித் திரும்ப அமத்துகிற சத்தம். பிறகு:

"சரி. இதிலிருந்து எடு. மர்சூக், வாப்பா சுகமா? நான் கேட்டதாச் சொல்லு. ... போதுமா? இனி ஒருக்கா என்னக் கேளாத."

அதே பிரதியின் ஊர்ப் பக்கத்தில் காலிதீன் தன் குரலில் சொன்னது இது: "வாப்பாட்ட ஒரு வார்த்தை வாங்கலாமெண்டு பாத்தா, ஆள் இல்ல மச்சான். வட்டைக்குப் போனவர், இன்னும் வரல்ல."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காலிதீன் தனக்குச் சொன்னதாக இதைக் கனகரெத்தினம் சொன்னபோதுதான் என் கை சப்பாத்தின் கயிற்றில் நின்றுபோனது. இந்த வசனத்தை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது. காலிதீன் செய்ததைத்தான் நானும் செய்கிறேன்: வெட்டுகிறேன், ஒட்டுகிறேன், இறந்தவரை நடக்கவைக்கிறேன். அவன் வெட்டிய இடம் தெரியாமல் பார்த்துக்கொண்டான். நான் வெட்டிய இடத்தையெல்லாம் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

5 (நீக்கப்பட்ட பகுதி)

இந்த இடத்தில் காலிதீனைக் கொண்டு கசெற்றை மாற்றி அனுப்பவைத்திருந்தேன். மர்சூக்குக்குப் போகவேண்டியது பெர்லினுக்கு, பெர்லினுக்குப் போகவேண்டியது ஜித்தாவுக்கு. மர்சூக் கேட்கிறான், விழுந்து அழுகிறான். இரண்டு பக்கம். நன்றாக வந்திருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோது காலிதீனைத் தேடிப் போய் அதை வாசித்துக் காட்டினேன். அவன் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"தம்பி, நான் ரெக்கோடிங் பார்க்காரன். கசெற் மாத்திக் குடுக்கிறவனெண்டா ஒரு கிழமையில கடையப் பூட்டியிருப்பன். என்ன அவ்வளவு விசரனெண்டா நினைச்ச?"

"அப்ப மர்சூக்குக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

"நான் மரியாதையா நடந்தன். அதாலதான் தெரிஞ்ச."

இரண்டு பக்கத்தையும் அங்கேயே கிழித்தேன்.

6

கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். அறைக்குச் சீலைத் திரை கட்டியிருக்கும். அந்நிய ஆண்கள் அவளைக் காண்பதில்லை. காலிதீன் அந்த வீட்டுச் சட்டியில் சிறுவயதிலிருந்தே கைபோட்டவன்தான். ஆனால் மார்க்கத்தின்படி அவன் அந்நியன்.

அடுத்த கசெற்றுக்கு உம்மாவின் குரல் வேண்டும். இல்லாவிட்டால் மர்சூக் சந்தேகப்படுவான். காலிதீன் மெசினைக் கொண்டுபோனான்.

"தாங்க காக்கா, நான் உள்ளுக்குக் கொண்டு போறன்" என்றாள் றாஹிலா. அண்ணன் முறையில் அவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"வேணா. நீ ஒரு பொத்தானை அமத்திப்போட்டு மத்ததை மறந்திருவாய். ஒண்டும் பதியாது."

சீலைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, மெசினை வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு இருந்தான். உள்ளேயிருந்து உம்மா கதைத்தாள். இத்தா இருப்பவள் அந்நியனுக்கு முன்னால் குரலை உயர்த்தமாட்டாள். கோழி குஞ்சு பொரித்தது, றாஹிலாவுக்குக் காய்ச்சல் வந்து சுகமானது, பின்பக்கத்துக் கூரையில் ஓடு நகர்ந்தது. அழவில்லை. காலிதீன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

7

மர்சூக்கின் பதிலை ஜித்தாவிலிருந்து வந்த ஒருவர் கடையில் கொண்டுவந்து கொடுத்தார். காலிதீன் அதைப் போட்டுவிட்டு, வாடிக்கைக்காரர் ஒருவரின் பாட்டுத் துண்டை வாசித்துக்கொண்டு நின்றான்.

முதலில் ஸலாம். பிறகு வெயில். பிறகு ஒரே அறையில் தூங்கும் பாகிஸ்தான்காரனின் குறட்டை. மர்சூக் அதைச் செய்தும் காட்டினான். வாடிக்கைக்காரர்கூடச் சிரித்தார்.

"காலிதீன், ஒண்டு கேக்கணும். உம்மாட குரல் ஏன் தூரத்தால வருது? மெசின் பழுதெண்டு சொல்லாதெ. கோழி கத்துறது வடிவாக் கேக்குது. கோழி கிட்ட நிக்குது, உம்மா தூர இரிக்கா. கத்தவும் இல்ல. ஒன்ன ஒரு ஏச்சு ஏசவும் இல்ல. ... ஒனக்கும் உம்மாக்கும் நடுவுல என்னடா இரிக்கி? சீலையா?"

ஓடுகிற நாடாவின் இரைச்சல்.

"ஓம் எண்டா ஓம் எண்டு சொல்லு. இல்லாட்டி இல்லெண்டு சொல்லு. நான் செடிக்குத் தண்ணி ஊத்தப் போகணும்."

அவ்வளவுதான்.

காலிதீன் மெசினை நிறுத்தினான். வெளியே வந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டான். பூட்டினான். தெருவில் பாதித் தூரம் போன பிறகுதான் பின்னால் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. வாடிக்கைக்காரரை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தான்.

(இந்த இடத்தில் அவனுடைய மனநிலையை எழுத ஒரு பந்தி ஒதுக்கியிருந்தேன். பூட்டு போதும்.)

8

சீலைக்கு வெளியே மெசினை வைத்து, அந்த இடத்தை உம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். உள்ளேயிருந்து உம்மா கேட்டாள்:

"இத எப்ப பதிஞ்சிரிக்கான்?"

"மூணு நாலு கிழமை இரிக்கும் மாமி. ஆள் வரச் சுணங்கிட்டு."

"மூணு நாலு கிழமை." பிறகு, "தனிய அழுவக் கூடாதெண்டுதான் ஒளிச்ச. அவன் தனியத்தான் அழுதிரிக்கான். நாம இஞ்ச கோழிக் கதை சொல்லிக்கிட்டு இருந்திரிக்கம்."

றாஹிலா விம்மினாள். "அழாதெ" என்றது உள்குரல். "வாப்பாக்கு துஆ கேக்க இரிக்கிற ஒரே ஆம்புளப் புள்ள. அதையும் நான்தான் தடுத்து வெச்ச. காலிதீன், சொல்லிரு."

"நானா மாமி?"

"நீதானே இவ்வளவு நாளும் கதைச்ச. எனக்கு அதுக்கு வாய் இல்ல."

"அவன் இன்னும் கேள்விதான் கேக்கிறான் மாமி. வேற என்னத்துக்காவது சீலை கட்டியிரிக்கும் எண்டு நினைச்சிக்கிட்டு..."

"அதுக்குத்தான் சொல்றன். அந்த நெனப்புல அவன இன்னும் ஒரு வருசம் வெச்சிருக்க ஏலாது."

9

காலிதீன் கடையின் பின்னறையில் இருந்து பதிந்தான்.

"மர்சூக், நீ மனசத் திடமா—"

அழித்தான்.

"மர்சூக், எல்லாரும் ஒரு நாளைக்கு—"

அழித்தான்.

"ஓம். சீலைதான்—"

இதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். மர்சூக் கேட்டது இதைத்தான். ஆனால் போட்டுக் கேட்டபோது, விடுகதைக்கு விடை சொன்ன கெட்டிக்காரனின் குரல்போல இருந்தது. அழித்தான்.

"வாப்பா வட்டைக்குப் போன அண்டைக்கு—"

இதை அழித்த வேகத்தில் மெசின் கதிரையிலிருந்து விழப் பார்த்தது.

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் றாஹிலா சொல்கிறாள். ஒன்றில் கனகரெத்தினம் பெர்லினிலிருந்து சொல்கிறான். அதைக் கேட்டு அவனே, "நான் ஒரு பொய்க்கே மூச்சு வாங்கினவன், என்ன அதுக்குள்ள இழுக்காத" என்றான். மூன்றாவதில் காலிதீன் ஒன்றுமே சொல்லாமல் வெறும் கசெற்றை அனுப்புகிறான். அது அழகாக இருந்தது, ஆகவே பொய்.

எல்லாக் கசெற்றுக்கும் பிரதி எடுத்தவன் அந்தக் கசெற்றுக்கு மட்டும் பிரதி எடுக்கவில்லை. பெர்லினுக்கு வரவில்லை, குவைத்துக்கும் போகவில்லை. பிளேன்டீ குடித்த அன்று காலிதீனிடமே கேட்டேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னன்."

"என்ன சொன்னீங்க?"

"அது அவன்ட."

மிச்சப் பிளேன்டீயைக் குடித்து முடித்தான். நான் கேட்டிருக்கவும் கூடாது.

ஆகவே எனக்கு முடிவு தெரியாது. மர்சூக் வேலை முடிந்து கட்டிலில் இருக்கிறான். கசெற் அவன் கைக்கு வந்துவிட்டது. என் கதையிலும் யாராவது ஒருவர் அவனுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். நான் எழுதிய வசனம் ஒன்றும் ஒரு மகனின் காதில் போடத் தகுந்ததாக இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். மனசைத் திடப்படுத்தச் சொல்ல வேண்டாம், வெயிலைப் பற்றிக் கதைக்க வேண்டாம். பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். எனக்கு அதுவரைக்கும்தான் வருகிறது:

மர்சூக்,