கோட்டுக்கு மேலே ஒரு சாண்

மார்ச் மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, தையல்காரி வறுமைக்கோட்டுக்கு மேலே வந்தாள். சரியாக ஒரு சாண் வந்தாள். மெஷினின் மிதிப்பலகையில் இருந்த இரண்டு பாதங்களும் அப்படியே எழும்பி நின்றுவிட்டன. எட்டி மிதிக்கப் பார்த்தாள், எட்டவில்லை. அதே நிமிடம் மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் அவளுடைய படிவத்தில் முத்திரை குத்தி, ஏழைகள் கட்டிலிருந்து எடுத்து மற்றவர்கள் கட்டுக்குள் வைத்திருந்தார். 'வீட்டில் மெஷின் எத்தனை?' என்ற கேள்விக்கு அவள் இரண்டு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தாள். இரண்டாவது மெஷின் ஓடாத பழைய இரும்பு. முதலாவதற்குத் திருகாணி வேண்டுமென்றால் அதிலிருந்து கழற்றிக்கொள்வாள். படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. இரண்டு மெஷின் வைத்திருப்பவர் தொழில்முனைவோர். தொழில்முனைவோருக்கு மாதாந்திர உணவுப்பெட்டி கிடையாது. ஒரே அட்டையில் பெயர் இருந்ததால் ஏழு வயது மகளும் கூடவே எழும்பினாள். கணவன் வேறொருத்தியின் அட்டைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

கால் தரையில் பாவாதவள் என்று அதுவரை அகம்பாவம் பிடித்தவர்களைத்தான் சொல்லிவந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மாவட்டத்தில் புதிதாக நானூறு குடும்பங்களுக்குக் கால் பாவவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு பதினோராயிரம் குடும்பங்கள் உணவுப்பெட்டி வாங்கின, இப்போது நாலாயிரம். பெட்டி வாங்குகிறவர்கள் குறைந்தால் பசி குறைந்துவிட்டது என்று அர்த்தமாம், மாவட்ட அறிக்கை சொன்னது. பெட்டியைப் பிடுங்கியது யார் என்று அறிக்கையில் ஒரு வரி கிடையாது, வெட்கமும் கிடையாது. பெட்டி நின்றவர்கள் இளைத்தார்கள், இளைத்தவர்கள் இன்னும் மேலே போனார்கள். இரவுச் சாப்பாட்டை விட்டவர்கள் மூன்று சாண், டீயிலேயே நாளை ஓட்டியவர்கள் கதவு நிலையின் உயரம். வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்து ஆட்கள் டேப்போடு வந்து ஒவ்வொருவரின் உள்ளங்காலிலிருந்து தரைவரை அளந்து, அதை 'முன்னேற்றம்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

தையல்காரி செங்கல் அடுக்கி மெஷினை உயர்த்திப் பார்த்தாள். செங்கல் கொடுத்தது பக்கத்து வீட்டுச் சூளைக்காரி. சூளையில் கல் சுமக்கிறவள், இன்னும் கோட்டுக்குக் கீழே இருப்பவள். மெஷின் உயர உயரத் தையல்காரியும் உயர்ந்தாள், செங்கல் பத்தவில்லை. பிறகு கையால் பட்டன் தைத்துக் காலம் தள்ளினாள். ஆனால் மகள் இவளைவிட வேகமாக மேலே போனாள். ஒரு நாள் வாசலில் விளையாடியவள் கூரை ஓட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறிய பிறகு, பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாள் என்று தாய் கெட்டி நாடா ஒன்று தைத்தாள். இருவர் இடுப்பையும் அதில் கட்டிக்கொண்டு, சுவர் சுவராகப் பிடித்து அலுவலகம் போய் அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"ஐயா, அந்த ரெண்டாவது மெஷின் ஓடவே ஓடாது."

"ஓடுதா இல்லையான்னு நாங்க கேக்கவே இல்லையேம்மா. எத்தனைன்னுதானே கேட்டோம்?"

"அப்ப ஒண்ணுன்னு எழுதிக்குங்க. அதைத் தூக்கிப் போட்டுடறேன். பிள்ளை பறந்து போயிடுவா போலிருக்குங்க."

"மேல ஏத்தறதுக்குத்தான் ஃபாரம் இருக்கு, இறக்கறதுக்கு இல்ல. நல்லபடியா முன்னுக்கு வந்துட்டு ஏம்மா அழறே?"

அன்று மாலை சூளைக்காரி தன் பெட்டியிலிருந்து மாவும் பருப்பும் அளந்து கொண்டுவந்தாள். "யார்கிட்டயும் சொல்லாத, எனக்கும் நிறுத்திடுவானுங்க" என்றாள். பகிர்ந்து கொடுப்பவரிடம் உபரி இருக்கிறது என்று விதி. அவளுக்கும் மூன்று பிள்ளைகள். தினமும் கொடுக்க முடிந்தது ஒரு வயிற்றுக்கு. இரண்டாகப் பங்கு வைத்தால் இருவரும் இருக்கிற உயரத்திலேயே நிற்கலாம், ஒருவரும் இறங்க முடியாது. தையல்காரி பங்கு வைக்கவில்லை. மகள் மாதத்துக்கு நாலு விரற்கடை இறங்கினாள். இரண்டாம் வருடம் ஒரு புதன்கிழமை அவள் குதிகால் தரையைத் தொட்டது, தெருவே வந்து பார்த்தது. டேப்காரர்களும் வந்து பார்த்துப் பதறினார்கள். மாவட்டத்துக்கு முன்னேற்ற விருது வருகிற நேரத்தில் ஒரு குழந்தை இறங்கித் தொலைப்பதா? உணவுப்பெட்டி தரவில்லை. அளவெடுக்கிற நாளில் ஏறி நிற்பதற்காக, முத்திரை குத்திய முக்காலி ஒன்று தந்தார்கள். விருதுப் பத்திரத்தில், 'இம்மாவட்ட மக்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்' என்று எழுதியிருந்தது. அதில் மட்டும் பொய் இல்லை.

தையல்காரி இப்போது ஓட்டுக்கு மேலே இருக்கிறாள். கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை ஜன்னல் கம்பியில். தைக்க வேண்டிய துணி கூடையில் மேலே போகிறது, தைத்த துணி கீழே வருகிறது. "காலர் கொஞ்சம் சின்னதா வேணும்க்கா" என்று வாடிக்கைக்காரர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். கழுத்து வலிக்கிறது என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. தினமும் மதியம் மேலிருந்து குரல் வரும்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேம்மா. நீ?"

"எனக்குப் பசியே எடுக்கல."

மழை வந்தால் மகள் அந்த முக்காலியில் ஏறி நின்று, நீளக் கழியில் குடையைக் கட்டி அம்மாவுக்கு நீட்டுகிறாள்.