பண்ணையாளர் பேரில் ஓடிய சங்கிலி

விடியுமுன் நாலரை மணிக்கே எங்கள் கைகளில் கத்தி ஏறிவிடும். 2013ஆம் ஆண்டு மே மாதம், இங்கே குளிர் தொடங்கும் காலம். வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில் இருந்த அந்த இறைச்சித் தொழிற்சாலையில், தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் மாடுகளின் பாதி உடல்கள் தொங்கியபடி வரும். ஒவ்வொன்றும் என்னிலும் இரண்டு மடங்கு பாரம். இடக்கைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து, வலக்கைக் கத்தியால் எலும்போடு ஒட்டி வெட்டி இறைச்சியைக் கழற்ற வேண்டும். கொழுப்பு விரல் இடுக்குகளில் மெழுகாக உறையும். ஏழு மணியாகும்போது விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். மற்றக் கையால் நிமிர்த்தினால்தான் கத்தியை விடும்.

எனக்கு அடுத்து நின்று வெட்டியவன் அருந்தவன். அகதிகளாக ஒரே படகில் வந்தவர்கள் நாங்கள். ஒரே தற்காலிக விசா, சன்ஷைன் புறநகரில் ஒரே வாடகை வீடு.

அந்த ஆண்டு ஹமில்டன் பக்கம் மழை பொய்த்து மேய்ச்சல் நிலம் கருகியிருந்தது. மாட்டுப் பண்ணையாளர்களைக் காப்பதே முதல் வேலை என்று அரசாங்கம் ஓர் உதவித் திட்டம் அறிவித்தது. உதவியில் பெரும் பங்கு பண்ணைகளுக்குப் போகவில்லை. பண்ணையாளரின் மாடுகளை விரைவாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எங்கள் முதலாளி கானிங் வாங்கிக்கொண்டார். புதிய சங்கிலி பூட்டினார். மணிக்கு எழுபது பாதி உடல்கள் வந்த இடத்தில் தொண்ணூறு வந்தன. வெட்டுவதற்கோ அதே பதினான்கு பேர்.

புதிய சங்கிலி ஓடத் தொடங்கிய மூன்றாம் கிழமை, தன் இடத்தைக் கடந்துபோன ஒன்றை விடக்கூடாதென்று அருந்தவன் எட்டிப் பிடித்தான். அவன் கை என் கத்திக்குக் குறுக்கே வந்தது. இரும்புக் கையுறை முடிகிற இடத்துக்கு மேலே, மணிக்கட்டில், தசைநார் அறுந்தது. சீமெந்துத் தரையில் இரத்தம் ஆவி பறக்கக் கொட்டியது. அவனைத் தூக்கிக்கொண்டு போன பின்பும் சங்கிலி நிற்கவில்லை. மேற்பார்வையாளர் தண்ணீர்க் குழாயை எடுத்துத் தரையைக் கழுவினார். நான் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் கானிங் என்னை அழைத்தார். பொதியிடும் பகுதியில் வேலை செய்த சிவசோதியக்கா மொழிபெயர்க்க வந்தார். மேசையில் ஒரு தாள்.

"அவன் விதியை மீறி இடம் மாறினான். நீ பார்த்தாய். கையெழுத்துப் போடு" என்றார் கானிங்.

"வாசிச்சுச் சொல்லுமட்டும் ஒரு கோடும் கீறாதை, உமா" என்றார் அக்கா. வாசித்தார். முகம் கறுத்தது. "பிழை முழுக்க அருந்தவன்ரயாம். இதைக் காட்டித்தான் அவன்ர நட்டஈட்டை மறுக்கப்போறாங்கள்."

"சங்கிலி ஓடின வேகந்தான் காரணமெண்டு சொல்லுங்கோ அக்கா."

சொன்னார். கானிங் கதிரையில் சாய்ந்தார். "அந்த வேகம் எனக்காக இல்லை. வறட்சியில் சாகிற பண்ணையாளருக்காக. அவர்களைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கொள்கை. இடையில் நீ யார்? வெட்டியது உன் கத்தி. உன் விசாவை யோசி. நாளைக் காலை தாள் என் மேசையில் இருக்க வேண்டும்."

கன்ரீனுக்கு வந்தபோது அங்கே கொலின் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹமில்டன் பண்ணையாளர், தன் மாடுகளைத் தானே லொறியில் கொண்டுவருபவர். அக்கா நேரே அவரிடம் போய்த் தாளை நீட்டினார்.

"உங்களுக்காகத்தான் சங்கிலி இந்த வேகத்தில் ஓடுகிறதாம். உண்மையா?"

அவர் வாசித்தார். கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது.

"எனக்காகவா? போன வருட விலையில் பாதிதான் தருகிறான். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுபோ என்கிறான். கொண்டுபோய் என்ன கொடுப்பேன்? மண்ணையா? அரசாங்கத்திடம் தீவனம் கேட்டோம். கடன் தருகிறார்களாம், இருக்கிற கடனுக்கு மேலே!" தாளை என் முன்னால் ஆட்டினார். "என் பேரைச் சொல்லியா அந்தப் பையனின் கையை வெட்டினார்கள்?"

"வெட்டினது நான்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் என் தோளைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. பிறகு அக்காவிடம் கேட்டார்: "நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

அன்று மாலை எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்பைச் சுற்றி இருபது பேர் நெருங்கி நின்றோம். எங்களோடு வெட்டும் வியட்நாமியத் துவானும் சமோவாக்காரர் தாலோவும் வந்திருந்தார்கள். பயம் எல்லோருக்கும் இருந்தது. "நிரந்தர விசா இல்லாத நீங்களே நிக்கிறியள் எண்டால், இந்த நாட்டுச் சிற்றிசன் எடுத்த நான் என்னத்துக்கு ஒளியிறது?" என்றார் அக்கா. அதற்குப் பிறகு யாரும் வெளியே போகவில்லை.

மறுநாள் நாலரைக்குச் சங்கிலி ஓடத் தொடங்கியது. பதின்மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்றோம். ஒருவரும் கத்தியை உருவவில்லை. பாதி உடல்கள் எங்கள் முகத்துக்கு முன்னால் தொடப்படாமல் கடந்துபோய், கடைசியில் ஒன்றோடொன்று மோதி அடைத்தன. யாரோ சங்கிலியை நிறுத்தினார்கள். அந்தக் கொட்டகையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதேயில்லை.

கானிங் ஓடிவந்தார். "வெட்டுங்கள்! குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு போன் போதும், தெரியுமா?"

"எடுங்கோ. அருந்தவனுக்கு என்ன நடந்ததெண்டு நானும் அவையளுக்குச் சொல்லுறன்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அக்கா ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தார். "பழைய வேகம் வேணும். அவன்ர வைத்தியத்துக்கும் சம்பளத்துக்கும் பொறுப்பெடுங்கோ. இந்தத் தாளில நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"பண்ணையாளரின் வயிற்றில் அடிக்கிறீர்கள்!"

"பண்ணையாளன் நான் இங்கே நிற்கிறேன்" என்றார் வாசலில் கொலின். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பண்ணையாளர்கள். "எங்கள் லொறிக் கதவுகள் திறக்கப்படாது, கானிங். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோகிறோம். அமைச்சருக்கு நாங்களே எழுதுகிறோம், யாருக்கு உதவி கிடைத்ததென்று."

கானிங் எங்கள் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டினார். வேலை போனதா இருக்கிறதா என்று தெரியவில்லை. அருந்தவனின் விரல்கள் இனி மடங்குமா என்று வைத்தியர் சொல்லவில்லை. கொலினின் மாடுகளுக்குத் தீவனம் இரண்டு கிழமைக்குத்தான். தொழிற்சாலை வாசற் படலையடியில், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த கொலினோடு, கைகளைக் கக்கத்தில் வைத்தபடி நின்றோம்.

பத்து மணிக்கு அடுத்த ஷிப்ட் பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஒரு சூடானியப் பெண். அவரோடு நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. எங்களைப் பார்த்தார். பூட்டிய கதவைத் திறந்து வைத்து வாருங்கள் என்று கைகாட்டிய மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிறகு தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கொலினுக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். பஸ்ஸிலிருந்து மற்றவர்களும் இறங்கத் தொடங்கினார்கள்.