அக்கா, நீ இனி

தயாளினி சார்ஜர் வயரை ஒரு பக்கமாக வளைத்து அழுத்திப் பிடித்தபடி கட்டிலோரம் இருந்தாள். கையை எடுத்தால் சார்ஜ் ஏறாது. முற்றத்தில் செத்தவீட்டுக் கிரியைக்குச் சுண்ணம் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தம்பியின் தலைமாட்டில் நிற்கவேண்டியவள் அவனுடைய பி.எஸ்.பி வீடியோ கேம் பெட்டிக்குக் காவல் இருந்தாள்.

கஜீபனுக்குத் தசை கரைகிற வருத்தம். கால் போய், கை போய், கடைசியில் பேச்சும் போனது. ஒரு பெருவிரல் மிஞ்சியது. கை வேலை செய்த காலத்திலேயே அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டிக்குக் கம்பெனி போட்டிருந்த மென்பொருள் பூட்டை உடைத்து, தமிழ் எழுத்துகளை அடுக்கித் தானே ஒரு புரோகிராம் எழுதி ஏற்றியிருந்தான். பிறகு அதுவே அவன் வாயாகிவிட்டது. முழுதாக அணைத்தால் பூட்டு திரும்ப விழுந்துவிடும். மறுபடி உடைக்கிற வித்தை அவனுக்கு மட்டும்தான் தெரியும். எழுதியதைச் சேமிக்கவும் வழி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீ கதைக்கிறதைச் சேவ் பண்ணுறியோ?" என்று எழுதிக் காட்டிய திமிர் பிடித்தவன்.

நேற்று விடிய, மூச்சு அடங்குவதற்கு முன் அவன் எழுதியது இன்னும் திரையில் இருந்தது. 'அக்கா, நீ இனி'. அவ்வளவுதான். கொழும்பில் அவளுக்கு வேலை கிடைத்திருந்ததும், இந்தக் கிழமைக்குள் பதில் சொல்லவேண்டியிருந்ததும் அவனுக்கு மட்டுமே தெரியும்.

பெரியம்மாவின் மகன் ஜெனிஸ்ரன் போனும் கையுமாக வந்தான். சாவீட்டைக் கனடாவுக்கு லைவில் காட்டுகிற பொறுப்பு அவனுடையது.

"அதைத்தான் போட்டோ எடுத்தாச்சே அக்கா. வாய்க்கரிசி போடக் கூப்பிடுகினம்."

"அப்ப நீ இதைப் பிடிச்சுக்கொண்டிரு. அசைக்காதை."

அரிசியை அள்ளியபோது அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "போகேக்கையும் என்னைத்தானே நினைச்சவன்! அக்கா, நீ இனி அம்மாவைப் பார் எண்டெல்லோ எழுதிப்போட்டுப் போயிட்டான்!"

கூடிநின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தில்லைநாதன் மாமா கண்ணைத் துடைத்தார். "உந்த வசனத்தை முப்பத்தொண்டாம் நாளுக்கு அடிக்கிற நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்திலை முதல் பக்கத்திலையே போடவேணும்."

அம்மா பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினாள். அதுதான் தயாளினிக்குப் பயமாக இருந்தது. கல்வெட்டுப் புத்தகம் அச்சுவேலியில் சொந்தக்காரர் வீடெல்லாம் கிடக்கும். அச்சில் ஏறிய தம்பியின் சொல்லை மீறி அவள் எந்த பஸ்ஸில் ஏறுவது?

"அம்மா, அவன் முடிக்கேல்லை..." என்றாள். பறை முழங்கியது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிரேதம் படலையைத் தாண்டியது. ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். பெண்கள் படலையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். ஜெனிஸ்ரன் வயரின்மேல் தலையணையை அமுக்கி வைத்துவிட்டு ஊர்வலத்தோடு போயிருந்தான். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தயாளினி அதை மடியில் எடுத்தாள். அவளுக்கு அதில் எழுதிப் பழக்கமில்லை. பெருவிரல் இரண்டுதரம் தவறான எழுத்தில் போய் நின்றது. அழித்துவிட்டு மெல்ல நகர்த்தி, ஒரே ஒரு எழுத்தை எழுதினாள்.

'அக்கா, நீ இனி போ'.

வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். அவன் எழுதியது போலவே இருந்தது. அதை நம்பவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"பிள்ளை, வீடு கழுவவேணும்," என்று அம்மா கூப்பிட்டாள். "வாளியை எடுத்துக்கொண்டு வா."

"வாறனம்மா," என்றாள். எழும்பவில்லை.