மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்று

எங்கள் நாலாவது பிளாக்குக்கு வரும் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து வருகிறது. திறந்தால் முதலில் நாற்றம் வரும், பிறகுதான் தண்ணீர். குடிசைகளைக் காலிசெய்து எர்ணாவூரில் எங்களைக் கொண்டுவந்து கொட்டியவர்களுக்கு இது தெரியாதா என்ன? இதைக் குடித்துத்தான் என் மகள் மதிக்கு இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்தது. புதுக் குழாய் வேண்டும். வேறு எந்தக் கருமமும் எனக்கு வேண்டாம்.

2008-ல் ஏதோ ஆய்வு நிறுவனத்திலிருந்து ரேச்சல் என்ற பெண் வந்தாள்.

"தண்ணி வந்ததும் இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புங்கக்கா. நல்லா இருந்தா ஒண்ணு, நாறினா ரெண்டு. மூணு மாசம் பாத்துட்டு, ரெண்டு அதிகமா வந்த பிளாக்குக்குக் குழாய் மாத்தச் சொல்லி இன்ஜினியர்கிட்ட குடுப்போம்."

முதல் வாரம் என்னைத் தவிர ஒரு நாதியும் அனுப்பவில்லை. உடனே, அனுப்புகிறவர்களுக்குத் தினம் போனில் அஞ்சு ரூபாய் டாப்-அப் என்றார்கள். அவ்வளவுதான், எட்டு பிளாக்கும் போனும் கையுமாக நின்றது. குழாயைத் திறக்காதவனும் அனுப்பினான், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவனும் அனுப்பினான்.

ரேச்சல் மறுபடி வந்தாள். "பொய் சொல்றவங்களப் பிடிக்க ஒரு ரூல் போட்டிருக்காங்கக்கா. மொத்தத்துல நெறய பேர் என்ன சொல்றாங்களோ அதான் சரியான பதில். அத சொன்னவங்களுக்குத்தான் டாப்-அப்."

மற்ற ஏழு பிளாக்கிலும் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. அப்புறம் எங்கள் ரெண்டு எங்கே ஜெயிக்கும்? தினமும் எனக்குப் பதில் மெசேஜ் வந்தது, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து: உங்கள் பதில் தவறு. அந்த நாற்றத்தை முகர்ந்தவள் நான், தவறு என்கிறது போன்.

பக்கத்து வீட்டு கெங்கம்மா சிரித்தாள். "இன்னாமே தாயம்மா, இன்னும் ரெண்டே அமுக்கிகினு கீற? நம்ம பிளாக்குல எல்லாம் ஒண்ணுக்கு மாறிட்டாங்க. நீ ஒருத்திதான் பேஜாரு பண்ற."

"நாறுது, கெங்கம்மா."

"நாறட்டும். அஞ்சு ரூபா நாறுதா?"

எனக்கு அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ஒன்று அமுக்கினேன். அஞ்சு ரூபாய் வந்தது. மறுநாள் கூச்சம் குறைந்தது. அதற்கடுத்த நாள் கூச்சமே இல்லை.

மூன்று மாதம் கழித்து இன்ஜினியர் பேப்பரோடு வந்தார், கூடவே ரேச்சல். மதி மூன்றாவது முறையாகக் கண் மஞ்சளாகி, வாசலில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொழந்தயப் பாருங்க சார்! கலீஜ் தண்ணி சார் இது!" என்று கத்தினேன்.

"கடைசி ரெண்டு மாசமா இந்த பிளாக்குல ஒரு புகார்கூட இல்லையேம்மா. நூத்துக்கு நூறு ஒண்ணு." பேப்பரை என் முன்னால் நீட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். "உங்க வீட்டு போன் நம்பருக்கு நேராவும் ஒண்ணுதான் போட்டிருக்கு."

"அது எங்க வூட்டு போன் நம்பர் இல்ல சார்."

ரேச்சல் தலையைக் குனிந்துகொண்டாள். இன்ஜினியர் தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். என் இடுப்பில் போன் அலறியது. தூ! அந்தச் சாக்கடைத் தண்ணீரைவிடக் கேடுகெட்டவள் நான்.

மதி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா, போன் அடிக்குது, எடு."