சின்னவளை விற்கப்போன ஞாயிறு

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. சாம்பல் வெள்ளை நிறம், பெருத்த உடம்பு, ஒற்றைக் கால். நடக்கத் தெரியாது, போகிற இடத்துக்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் சுமந்துகொண்டு போகவேண்டும். அவள்மேல் தூசி பட்டால் இவருக்குத் தும்மல் வரும். அவளை அலமாரியில் படுக்கவைத்துத் துணியால் போர்த்திய பிறகுதான் இவர் வந்து படுப்பார். பறவைகளைப் படம் எடுக்கிற லென்ஸைத்தான் சொல்கிறேன். சின்னவள் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைநாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிவடமும் கிரீஸுமாகக் கிடக்கிற மனிதர், லீவு கிடைத்தால் வானத்தைப் பார்க்கப் போய்விடுவார். அதை நான் குறை சொன்னதில்லை. சரி, சொல்லியிருக்கிறேன், மனதார இல்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு காலை முதல் மாலை வரை பேசுகிறவள் நான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் அவர். அப்படிப்பட்ட ஆள் அடம்பிடித்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

சின்னவளைத் தேர்ந்தெடுக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் மூன்றைக் காட்டினார். ஒன்று இலேசானது, ஒரு கையால் தூக்கலாம். ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் மங்கிப்போகும். இன்னொன்றைத் திருகினால் கிட்டத்தையும் எடுக்கலாம், தூரத்தையும் எடுக்கலாம். "எல்லாத்துக்கும் ஆகும்னா எதுக்கும் முழுசா ஆகாதுன்னு அர்த்தம்" என்று இவர் அதை ஒதுக்கிவிட்டார். மூன்றாவது, யாரோ வைத்திருந்து விற்றுவிட்டுப் போன பழைய பெரிய லென்ஸ். அகன்ற வாய். விடியற்கால மங்கலிலும் இருக்கிற வெளிச்சத்தை அள்ளி விழுங்குமாம்.

"பறவை வர்ற நேரத்துல வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் வந்ததும் பறவை போயிடும். எனக்கு இதுதான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இந்த அம்மிக்கல்லைத் தூக்கறது யாரு?" என்றேன்.

"நான்தான்."

தூக்கினார். வருஷக்கணக்காக வலது தோளில்தான் தூக்கினார். அந்தத் தோள்தான் போன மழைக்காலத்தில் போனது. வேலையில் ஏதோ இழுத்துவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். உள்ளே தசைநார் கிழிந்திருந்தது, ஆபரேஷன் செய்து தைத்தார்கள். துணி தைக்கிறவளுக்குத் தெரியாதா, ஒருமுறை கிழிந்த இடத்தைத் தைத்தால் அது என்ன பாடுபடும் என்று?

அன்றிலிருந்து அவரை எதையும் தொட விடவில்லை. தண்ணீர் ஜாடியை நான் தூக்கி ஊற்றினேன். சட்டை பட்டனை நான் போட்டேன். கதவைத் திறக்கக்கூட நான் முன்னால் ஓடினேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோதெரபி பெண், "சும்மாவே வச்சிருந்தா தோள் இறுகிப்போயிடும்மா, சின்னச் சின்ன வேலை செய்யட்டும்" என்று சொல்லத்தான் செய்தாள். "நீ சொல்லிட்டுப் போயிடுவே, நான்ல பாத்துக்கணும்" என்று அவள் வாயை அடைத்தேன்.

சின்னவளை விற்றுவிடச் சொன்னதும் நான்தான். காலையில் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். கண்ணெதிரே இருந்தால் என்றைக்காவது தூக்கத்தானே தோன்றும்? ஒருநாள் அவர் சோற்றை மென்று விழுங்கிவிட்டு, "சரி, வித்துடலாம்" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சமாதானம் இல்லை. ஜெயித்த சந்தோஷம்கூட எனக்கு வரவில்லை, போங்கள்.

வாங்குவதாக ஒரு பல் டாக்டர் வந்தார். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. இதுவரை சின்ன லென்ஸைக் கையில் பிடித்தே படம் எடுத்து வந்தவராம். ஞாயிற்றுக்கிழமை காலை தன் காரிலேயே எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு.

காரிலிருந்து கரை வரைக்கும் சின்னவளை நான் தூக்கினேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "கேமராவைப் பிடிச்சுத் தூக்காதே, இணைப்பு பிஞ்சுடும். அடியில இருக்கற அவளோட காலைப் பிடி" என்று பின்னாலேயே பதறிக்கொண்டு வந்தார். அம்மாடி, என்ன கனம்! தவழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்த மாதிரி உடம்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

முக்காலி ஸ்டாண்டின் தலையில் ஒரு வளைந்த கை இருக்கும். அதற்கு கிம்பல் என்று பெயர் சொல்வார். எனக்கு அது ஊஞ்சல். அதில் சின்னவளை உட்காரவைத்து, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று நகர்த்தி, கனம் இரண்டு பக்கமும் சரியானதும் திருகிவிட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"இப்ப கையை எடு."

"விழுந்துட்டா?"

"விழாது. எடேன்."

எனக்கு விரல் வரவில்லை. அவர்தான் என் கையை மெல்ல விலக்கினார். அத்தனை கனமும் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. அவர் இடது கையின் ஒற்றை விரலால் தள்ளினார். சின்னவள் சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையாகத் திரும்பினாள். நாணல் ஓரத்துக் குச்சியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அவர் குனிந்து கண்ணை வைத்தார். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம் அப்போது திரும்ப வந்தது. படம் எடுக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பிறகு விலகி நின்று, "வாங்க டாக்டர், நீங்க எடுங்க" என்றார். விலகும்போது சட்டை நுனியால் சின்னவளின் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டார், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் துடைப்பார்களே, அப்படி.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். இவர் எதையும் பார்க்கப் பிடிக்காமல் கரைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். சின்னவளும் நானும் தனியாக இருந்தோம்.

அவள் இடுப்பில் வரிசையாகச் சில பொத்தான்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். முதல்முதலில் அவர் சொன்னபோது, "ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல இருக்குமே, அதுவா?" என்று கேட்டவள் நான். சாப்பாட்டு நேரப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். "கையில பிடிச்சு எடுக்கறப்ப கை நடுங்கினா இது உள்ளுக்குள்ள சரிபண்ணிடும். ஆனா ஸ்டாண்டுல வச்சா இதை அணைச்சிடணும். இது பழசு, விவரம் பத்தாது. ஆட்டத்தைத் தேடிக்கிட்டே இருக்கும். ஆட்டமே இல்லைன்னா, இருக்கறதா நெனச்சுக்கிட்டு அதுவே ஆட்டிவிட்டுடும். படம் கலங்கிப்போயிடும்" என்பார். அன்று கிளம்பும்போது தன் கையாலேயே அணைத்து வைத்திருந்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பொத்தானை டக்கென்று தள்ளிவிட்டேன்.

டாக்டர் வந்து படபடவென்று எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். சின்ன லென்ஸைக் கையில் பிடித்தே பழகியவருக்கு அந்தப் பொத்தான் எப்போதும் போட்டே இருப்பதுதானே வழக்கம்? அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

"சார், கொஞ்சம் இங்க பாருங்களேன். எல்லாமே லேசா கலங்கலா இருக்கு."

இவர் வந்து பார்த்தார். நான் எதிர்பார்த்தது என்ன? 'பிடிக்கலைன்னா விடுங்க டாக்டர்' என்பார், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான். ஆனால் அவர் முகம் செத்துப்போனது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். லென்ஸை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வாங்காதீங்க டாக்டர்" என்றார். "இது அடிபட்டது. மழைக்காலத்துல இதே இடத்துல என் கை விட்டுப்போச்சு. தோள்ல இருந்து நழுவி இந்தக் கம்பியில மோதிடுச்சு. வெளியில ஒண்ணும் தெரியல. உள்ள கண்ணாடி நகந்திருக்கும்னு எனக்கு அப்பவே பயம். சொல்லாம விக்கப் பாத்தேன், தப்பு. மன்னிச்சிடுங்க."

நான் திருதிருவென்று முழித்தேன். வேலையில் இழுத்துவிட்டது என்று சொன்னாரே! இங்கே நின்று இவளைத் தூக்கும்போது போன கை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சொன்னால் சும்மா இருந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

டாக்டர் நல்ல மனிதர். "பரவாயில்ல சார், ரிப்பேருக்குக் குடுத்துப் பாக்கலாம்" என்று இவர் தோளைத் தட்டப்போய், ஆபரேஷன் செய்த தோள் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எங்களைத் தனியே விட்டுப் போனார்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "என் கையும் போச்சு, அவளும் போயிட்டா" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆபரேஷனுக்குக்கூட அழாத ஆள்.

"ஏங்க" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லை."

"உனக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். போய் அவ இடுப்பைப் பாருங்க. நான்தான் தட்டிவிட்டேன்."

எழுந்து போய்ப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொத்தானை அணைத்தார். மீன்கொத்தி தண்ணீருக்குள் ஒரு முங்கு முங்கிவிட்டுப் பழைய குச்சிக்கே திரும்பியிருந்தது. வலது கையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்காத மனிதர், முழங்கையை மெல்ல மடக்கி, ஒரே ஒரு விரலால் கேமராவை அழுத்திப் படம் எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அலகு நுனியில் தொங்கிய தண்ணீர்த் துளி தெரிந்தது. கழுத்து இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

"வித்துடு வித்துடுன்னு உயிரை எடுத்தது நீதானே?"

"ஆமா, எடுத்தேன். இப்ப வேணாங்கறேன்."

"ஏன்?"

"உங்க மூஞ்சியைப் பாத்தேன். போதுமா? கை போன இடத்தை மறைச்ச மனுஷன் என்னைக் கேள்வி கேக்க வந்துட்டாரு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சின்னவளின் இடுப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார்.

"நீயும் அந்தப் பொத்தான் மாதிரிதான்" என்றார். கோபமே இல்லாத குரல். "கை நடுங்கினப்ப நீ இல்லைன்னா நான் இல்லை. ஆனா இப்ப நடுக்கம் இல்லம்மா. நீதான் ஆட்டிக்கிட்டே இருக்கே."

ஜாடி, பட்டன், கதவு எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பிசியோதெரபி பெண்ணும் வந்தாள். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

டாக்டர் திரும்பி வந்ததும் இவர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். நல்லவேளை, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றதால் டாக்டர் முகம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பலமாகச் சிரிப்புக் கேட்டது.

"ஆடற பல்லைத்தாம்மா நான் பிடுங்குவேன்" என்றார். "இது நல்லா வேரோட நிக்குது. நீங்களே வச்சுக்கோங்க."

வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது, அடுத்த ஞாயிறும் வருவதாகவும் சின்னவளைத் தானே தூக்கி வருவதாகவும் சொன்னார். ஸ்டாண்டை எப்படிப் போடுவது என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவர் தலையாட்டின வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

சின்னவளை அலமாரியில் படுக்கவைத்தேன். போர்த்தியும் விட்டேன். அவர் சமையலறைக்குப் போகும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடினேன். அவர் ஜாடியின் பிடியில் வலது கையை வைத்திருந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை அடியில் கொடுத்து, மெல்லத் தூக்கி, டம்ளரில் சாய்த்தார். கொஞ்சம் வெளியே சிந்தியது.

துடைக்கிற துணி என் தோளிலேயேதான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. என் ஆயுசில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததே இல்லை.