நிப்புக்கும் நாக்குக்கும் இடையில் கடல்

உலகின் தென்கோடியிலுள்ள ப்ளஃப் துறைமுகத்தில் சிப்பிப் படகு ஓட்டிய மர்டோ 1974இல் கடலோடு போன பிறகு, அவன் வீட்டில் விட்டுப்போன பேனா மைக்குப் பதிலாகக் கடல்நீரில் எழுதியது. அந்த வருஷம் சிப்பி நன்றாகக் கிடைத்தது. உருளைக்கிழங்குதான் விலை ஏறியிருந்தது. அவன் மனைவி ரோனா தினமும் காலையில் ஒரு கோடு இழுத்து, ஈரத்தை விரலால் தொட்டு உதட்டில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் அவன் தெற்கே பனிப்பக்கம் இருக்கிறான். வெதுவெதுப்பாக இருந்தால் வடக்கே டோங்கா தீவுகளைத் தாண்டிவிட்டான். பிறகு உப்பைத் துடைத்துவிட்டு மீன் ஆலைக்கு வேலைக்குப் போவாள்.

குளிர்காலத்தில் கோடு மெலிந்தது. பேனா பழுதுபார்க்கும் வாலஸ் மோவட்டிடம் கொண்டுபோனாள். நிப்புக்கு அடியில் மை இறக்கும் கறுப்பு நாக்கு, நிப்பை ஒட்டாமல் விலகியிருந்தது. கடல் அந்த இடுக்கு வழியாகத்தான் வந்தது. இப்போது இடுக்கு மூடிக்கொண்டு வருகிறது என்றான் வாலஸ். அதை அகலமாக்கித் தரச் சொன்னாள். அவனும் தலையாட்டினான். ஆனால் கை பழகிய வேலையைத்தான் செய்தது: நாக்கை வெந்நீரில் முக்கி, கட்டைவிரலால் அழுத்தி நிப்போடு ஒட்டவைத்து, நடுப்பிளவுக்கு நேராக நிறுத்தி, இரண்டையும் சேர்த்துப் பேனாவின் கழுத்துக்குள் செலுத்தியது. காகிதத்தில் சுத்தமான நீலக்கோடு விழுந்தது.

"இது யாரோட பேனா?" என்றாள் ரோனா.

"உங்களோடதுதான்."

"என்னோடது இப்படி எழுதாது."

மர்டோவுக்கு முன்பே அவளை விரும்பியவன் வாலஸ். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடல் அன்றோடு நின்றிருக்கும். அவளும் ஊரின் மற்ற விதவைகளைப் போல ஆகியிருப்பாள். அவன் சொல்லவில்லை. பேனாவைத் திரும்பப் பிரித்தான். வேண்டுமென்றே கெடுப்பது கைக்கு வரவில்லை. எப்படிப் பொருத்தினாலும் மைதான் வந்தது. கடைசியில் இடது கையால் நாக்கைக் கோணலாக்கினான். ஒரு குளிர்ந்த சொட்டு விழுந்தது.

நாக்கின் கறுப்பு ரப்பர் தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இடுக்கு மூடியது, ரோனா வந்தாள், அவன் கெடுத்துக் கொடுத்தான். ஒரே பேனாவை வருஷக்கணக்காக ரிப்பேர் பண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று மதுக்கடையில் கிண்டல் செய்தார்கள். நாக்கு நிற்கமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய என்றான். அது உண்மையும்கூட.

மர்டோ இறந்துவிட்டதாகக் கோர்ட் எப்போதோ எழுதிக்கொடுத்திருந்தது. 1983இல், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று வாலஸ் கேட்டான்.

"அவன் இன்னும் அலைஞ்சிகிட்டுதான் இருக்கான், வாலஸ்."

"தெரியும். வழி விட்டு வச்சிருக்கறதே நான்தானே."

அந்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. பேனா அடுப்பங்கரை மேசைக்கு வந்தது. காலையில் அவள் கோடு இழுப்பாள்; அவன் ரொட்டியில் சீஸ் தடவிச் சுருட்டி வாட்டுவான்.

"இன்னிக்கு எங்க?" என்று கேட்பான்.

"தெற்கே. ரொம்பக் குளிரு."

வாலஸ் எழுந்து அடுப்பில் இன்னும் கொஞ்சம் நிலக்கரி அள்ளிப் போடுவான்.